அறிந்து மாறுபடுதல்

தமிழ் இலக்கியம் எந்த ஒரு சமயத்தின் தனியுடைமையும் அன்று. சமணமும் பௌத்தமும், சைவமும் வைணவமும், இஸ்லாமும் கிறித்தவமும் தத்தம் உள்ளத்து உணர்வுகளையும் கொள்கைகளையும் இம்மொழியில் வடித்து வைத்துள்ளன. ஆகவே தமிழ் பயிலும் மாணவன் தன் சமயத்தார் நூல்களை மட்டும் படித்துத் தமிழறிஞனாக விளங்குதல் இயலாது. நம் வகுப்பறைகளில் சீறாப்புராணம் பயிலும் அதே மாணவர் தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் பயில்கின்றனர். இது நம் மொழி நமக்குத் தந்துள்ள பேறாகும்.

ஆயினும் அப்பேற்றினை நாம் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கின்றோமா என்பது ஐயத்திற்குரியது. தேம்பாவணியை இயற்றியவர் வீரமாமுனிவர், காண்டங்கள் மூன்று, படலங்கள் முப்பத்தாறு, பாடல்கள் 3615, காப்பியத் தலைவர் சூசையப்பர் என்னும் வளன். இவற்றை மாணவர் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால், "இக்காப்பியம் பாடும் மெசியா எதற்காக இவ்வுலகில் தோன்றினார் எனக் கிறித்தவர் நம்புகின்றனர்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகின்றது. சிலர், "ஐயா, நாம்தான் அதனை ஏற்பதில்லையே" என்கின்றனர். ஏற்பதில்லை என்பது உண்மை. எதனை ஏற்பதில்லை என்பதை அறியாமல் ஏற்பதில்லை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

மெசியாவின் வாழ்வையும் அவர் வருகையின் நோக்கத்தையும் பற்றிக் கிறித்தவர் கொண்டுள்ள நம்பிக்கையினை, அவர்கள் கொண்டுள்ளவாறே நாம் அறிதல் வேண்டும். அறிந்தபின் மாறுபடுதல் வேண்டும். இதுவே என் கருத்து. ஈண்டுக் கிறித்தவர் நம்பிக்கையைக் கூறுமிடத்து 'இயேசு' என்றும், நம் நம்பிக்கையைக் கூறுமிடத்து 'ஈசா (அலை)' என்றும் குறிக்கப்பெறும்.

சொல்லும் பொருளும்

'மெசியா' என்பது எபிரேயச் சொல்லின் வழிவந்தது. எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப் பெற்றவர் என்பது அதன் பொருள். பண்டை இசுரவேலரிடையே அரசரும் குருமாரும் எண்ணெய் பூசப்பெற்றே தம் பொறுப்பினை ஏற்றனர். இச்சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பே 'கிறிஸ்து' என்பது. எனவே கிறிஸ்து என்பது ஒருவரின் இயற்பெயர் அன்று, பட்டப்பெயர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, நற்செய்தி நூல்களில் பல இடங்களில் 'மெசியா' என்னும் சொல்லையே ஆண்டுள்ளது. பழைய மொழிபெயர்ப்பில் 'கிறிஸ்து' என்றிருந்த இடங்கள் இவை. பெயராக மட்டுமே கருதப்பட்டுவந்த ஒன்று பட்டப்பெயர் என்பதைத் தமிழ் படிப்பவர்க்கு இம்மாற்றம் உணர்த்துகின்றது.

இச்சொல் நமக்கும் அந்நியமானதன்று. திருக்குர்ஆன் ஈசா (அலை) அவர்களை 'அல் மஸீஹ்' என்று பதினோர் இடங்களில் குறிப்பிடுகின்றது. இரு சமயத்தாரும் ஒருவரையே மஸீஹ் என்று அழைக்கின்றனர். ஆனால் அப்பட்டத்தால் உணரும் பொருள் வேறுபடுகின்றது. சொல் ஒன்றாக இருப்பதால் கொள்கையும் ஒன்றே என்று மயங்குவதும் பிழை. கொள்கை வேறாக இருப்பதால் சொல்லின் உறவே இல்லை என்று தள்ளுவதும் பிழை.

உரோமையரின் ஆட்சியில் அல்லலுற்ற யூத மக்கள், தாவீது மன்னரின் வழித்தோன்றலாக ஒரு மெசியா வருவார் என்று எதிர்பார்த்தனர். அவர் அயலாட்சியை அகற்றுவார், நீதியை நிலைநாட்டுவார் என்பது பலரது எண்ணம். மெசியா என்னும் சொல்லுக்குள் அரசியல் விடுதலையும் அடங்கியிருந்தது. யூதரல்லாத பாரசீக மன்னர் சைரசைக்கூட எசாயா ஆகமம் எண்ணெய் பூசப்பெற்றவராகக் குறிக்கின்றது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தோரை அவர் விடுவித்ததே காரணம். இப்பின்னணியை அறிந்தாலன்றி, இயேசுவின் காலத்து மக்கள் அவரிடம் எதனை எதிர்பார்த்தனர் என்பதும், எதனால் பலர் ஏமாற்றமுற்றனர் என்பதும் விளங்கா.

வாழ்வு

கிறித்தவ நம்பிக்கையின்படி இயேசு கன்னி மரியாளிடம் பெத்லகேமில் பிறந்தார், நாசரேத்தில் வளர்ந்தார், யோர்தான் ஆற்றில் யோவானிடம் திருமுழுக்குப் பெற்றார், பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்து சோதனைகளை வென்றார், பன்னிருவரைச் சீடராகத் தெரிந்துகொண்டார். இந்த யோவானை நாம் யஹ்யா நபி (அலை) என்று போற்றுகின்றோம். கன்னிப் பிறப்பினை நாமும் நம்புகின்றோம். திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் அன்னை மர்யமின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

முதல் மூன்று நற்செய்தி நூல்களிலும் இயேசுவின் போதனைக்கு நடுவாக நிற்பது 'இறையாட்சி' என்னும் கருத்து. அதனை அவர் விதைப்பவன், கடுகு விதை, காணாமற்போன ஆடு எனப் பாமரரும் அறிந்த உவமைகளால் விளக்கினார். லூக்கா நற்செய்தியின்படி, நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் எசாயா ஆகமத்தினின்று ஒரு பகுதியை வாசித்து, எளியோர்க்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் அறிவிப்பதே தம் பணி என்று வெளிப்படுத்தினார். வரிதண்டுவோர், தொழுநோயாளர், ஒதுக்கப்பட்ட பெண்டிர் ஆகியோருடன் பழகினார், உண்டார். இருபதாம் நூற்றாண்டில் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் தோன்றிய விடுதலை இறையியலார் மெசியாவின் நோக்கத்தை விளக்கும்போது இப்பகுதியினைப் பெரிதும் போற்றினர். பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குத்தியேரசு 1971-இல் வெளியிட்ட நூல் அவ்வியக்கத்திற்குப் பெயரையே தந்தது.

எனினும், கிறித்தவக் கொள்கையின் திருப்புமுனை பிலிப்புச் செசரியாவில் நிகழ்ந்த உரையாடலேயாகும். தம்மை யாரென்று கருதுகின்றீர்கள் என இயேசு சீடரை வினவ, மெசியா என்று பேதுரு விடையிறுக்கின்றார். உடனே இயேசு, தாம் துன்புற்றுக் கொல்லப்படவும் மூன்றாம் நாள் உயிர்த்தெழவும் வேண்டும் என்கின்றார். பேதுருவால் அதனைப் பொறுக்க இயலவில்லை. வெல்ல வேண்டிய மெசியா எவ்வாறு தோற்பார்? அவர் தடுக்க முற்படுகின்றார், கடிந்துகொள்ளப்படுகின்றார். மெசியா என்னும் பழஞ்சொல்லில் புதுப்பொருள் இவ்விடத்தே புகுகின்றது. வாளேந்தி வெல்லும் அரசராக அல்லாமல், துன்புற்று மீட்கும் ஊழியராக மெசியாவைக் காண்பது கிறித்தவத்தின் தனித்தன்மை. எசாயா ஆகமத்தின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம் பாடும் துன்புறும் ஊழியர் இயேசுவே என்பது அவர்தம் துணிபு. யூத உரையாசிரியர் பலர் அவ்வூழியர் இசுரவேல் இனமே என்று பொருள்கொள்வர்.

அதன்பின் எருசலேம் பயணம், சீடரோடு இறுதி உணவு, கெத்சமனித் தோட்டத்து வேண்டுதல், கைது, விசாரணை, சிலுவைச் சாவு என வாழ்வு விரைகின்றது. தண்டனை வழங்கிய பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட உரோமை ஆளுநர். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு 1961-இல் செசரியாக் கடற்கரை நகரில் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையின் மேல் வைக்கப்பட்ட குற்றப்பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மும்மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என்பர் யோவான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, நாற்பது நாள் சீடர்க்குத் தோன்றி, விண்ணேறினார் என்பதும், உலக முடிவில் நடுவராக மீண்டும் வருவார் என்பதும் கிறித்தவ நம்பிக்கை.

நோக்கம்

இச்சாவு எதற்காக? ஒரு நல்லவர் அநியாயமாகக் கொல்லப்பட்டார் என்று மட்டும் கிறித்தவர் கூறுவதில்லை. அச்சாவே மனிதகுலத்தின் மீட்பு என்கின்றனர். ஆதாமின் வழியாகப் பாவமும் சாவும் மனிதரைப் பற்றின. கிறிஸ்துவின் வழியாக மன்னிப்பும் வாழ்வும் வந்தன என்று பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலில் விளக்குகின்றார்.

அச்சாவு எவ்வாறு மீட்பாகின்றது என்பதற்குத் திருச்சபை ஒரே விளக்கத்தைக் கூறவில்லை என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தி. மாற்கு நற்செய்தியில் 'மீட்புப்பணம்' என்னும் உருவகம் உள்ளது. அடிமையை விடுவிக்கச் செலுத்தும் விலை அது. அவ்விலை எவருக்குச் செலுத்தப்பட்டது என்னும் வினாவுக்கு, அலகைக்கே என்று நீசாவின் கிரகோரி போன்றோர் விடை கூறினர். நாசியான்சுவின் கிரகோரி அவ்விடையை ஏற்க மறுத்தார். 1098-இல் கான்டர்பரியின் பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த நூலொன்று, மனிதன் இறைவனுக்குச் செலுத்தத் தவறிய மதிப்பினை ஈடுசெய்ய இறைவனே மனிதராக வேண்டியதாயிற்று என்று வாதிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித உள்ளத்தை உருக்கித் திருத்துவதே மீட்பு என்று வலியுறுத்தினார். 1930-இல் சுவீடன் நாட்டு இறையியலார் குஸ்தாவ் அவுலேன், சாவையும் தீமையையும் மெசியா வென்றார் என்னும் பழைய விளக்கத்திற்குப் புத்துயிர் அளித்தார். எல்லா விளக்கங்களும் ஒரே மையத்தைச் சுற்றியே அமைகின்றன. மனிதன் தன்னைத்தானே மீட்டுக்கொள்ள இயலாதவன். இறைவனே இறங்கிவந்து மீட்டார் என்பதே அம்மையம்.

இதனை உணர்ந்தால் இலக்கியத்தின் கதவு திறக்கின்றது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. பனியனின் பயணி முதுகில் ஒரு பெருஞ்சுமையைத் தாங்கி நடக்கின்றான். அச்சுமை சிலுவையின் முன்னே தானாகக் கழன்று விழுகின்றது. அவன் அதனை இறக்கி வைக்கவில்லை, அது இறக்கப்படுகின்றது. இந்நுட்பத்தை அறியாதவன் அந்நூலைச் சொற்சுவைக்காகவும் கம்பனின் சாயலுக்காகவும் மட்டும் படிப்பான். 'இரட்சணியம்' என்னும் தலைப்புச் சொல்லே அவனுக்கு ஒரு வடசொல்லாக நின்றுவிடும். மெசியாவின் துன்பங்களைப் பாடும் இரட்சணிய சரிதப் படலத்தைப் படிக்கும்போது, கவிஞர் எதற்காக அழுகின்றார் என்பது அவனுக்குப் புலப்படாது. தம் முப்பதாம் அகவைக்குப் பின் 1858-இல் வைணவத்தினின்று கிறித்தவத்தை ஏற்ற ஒருவர், பத்தி மரபின் உருக்கத்தோடு பாடிய பாடல்கள் அவை.

மூன்று தவறான எண்ணங்கள்

மாணவரிடையே மட்டுமன்றி மேடைகளிலும் ஒலிக்கும் மூன்று கூற்றுகளை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது, 'இறைமகன்' என்பதனை உடலுறவால் பிறந்த மகன் எனக் கிறித்தவர் கொள்கின்றனர் என்பது. எந்தத் திருச்சபையும் அவ்வாறு போதிப்பதில்லை. அவ்வெண்ணத்தை அவர்களும் இறைநிந்தை என்றே தள்ளுவர். இறைவனோடு என்றென்றும் உள்ள 'வாக்கு' மனிதரானார் என்பதே யோவான் நற்செய்தியின் முகப்புரை கூறுவது. மூன்று கடவுளர் உளர் என்றும் அவர்கள் அறிக்கையிடுவதில்லை. ஒருவரே கடவுள் என்றே அறிக்கையிடுகின்றனர். திருக்குர்ஆனும் ஈசா (அலை) அவர்களை இறைவனிடமிருந்து வந்த வாக்கு என்கின்றது. ஆனால் ஆகுக என்னும் இறையாணையால் படைக்கப்பட்டவர் என்பதே நம் உரையாசிரியர் பலர் கொள்ளும் பொருள். இந்நுண்ணிய விளக்கத்தை அறிந்த பின்னரும் இறைவனுக்கு மகன்மை கூறுதலை இஸ்லாம் ஏற்பதில்லை. அவர்கள் கூறுவதை மறுப்பதே மறுப்பாகும். அவர்கள் கூறாததை மறுப்பது வீண்வேலை.

இரண்டாவது, இயேசுவின் இறைத்தன்மை கி.பி. 325-இல் நிசேயாச் சங்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, நற்செய்தி நூல்களும் அங்கேதான் வாக்கெடுப்பால் தெரிவுசெய்யப்பட்டன என்பது. வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. மகன் படைக்கப்பட்டவரா அல்லரா என்று அலெக்சாந்திரியாவின் ஆரியசு எழுப்பிய சிக்கலையே அச்சங்கம் முதன்மையாக ஆராய்ந்தது. ஆகமப் பட்டியல் அங்கு வகுக்கப்படவில்லை. இன்றுள்ள இருபத்தேழு நூல்களின் பட்டியல் 367-இல் அத்தனாசியார் விடுத்த மடலில் காணப்படுகின்றது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, ஏறத்தாழ கி.பி. 50-களில் எழுதப்பட்ட பவுலின் மடல்கள் இயேசுவை ஆண்டவர் என்கின்றன. ஏறத்தாழ 112-இல் உரோமை ஆளுநர் பிளினி, கிறித்தவர் கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுவதாகப் பேரரசருக்கு எழுதினார். நிசேயாச் சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவு 2025-இல் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. அதன் வரலாற்றை அறியாமல் அதன் மீது பழி கூறுதல் கற்றோர்க்கு அழகன்று.

மூன்றாவது தமிழ் மாணவர்க்கே உரியது. மெசியா மனிதரானதை 'அவதாரம்' என்னும் சொல்லால் குறித்து, திருமாலின் அவதாரங்களோடு ஒன்றாக எண்ணுதல். தமிழ்க் கிறித்தவரும் இச்சொல்லை ஆண்டதுண்டு. சென்னையைச் சேர்ந்த வே. சக்கரை 1926-இல் 'அவதாரமாகிய இயேசு' என்னும் பொருளில் ஆங்கில நூலொன்றே எழுதினார். ஆயினும் கிறித்தவக் கொள்கை, இந்நிகழ்வு ஒரே ஒருமுறை நிகழ்ந்தது என்றும், மீண்டும் மீண்டும் நிகழாதது என்றும், உடலும் பசியும் வலியும் தோற்றமல்ல, மெய்யே என்றும் வலியுறுத்துகின்றது. 451-இல் கூடிய கால்செதோன் சங்கம் முழு இறைமையும் முழு மனிதமும் ஒருவரிடத்தே உள்ளன என்று வரையறுத்தது. வழக்கிலுள்ள ஒரு சொல்லை எடுத்தாளும்போது அதனுடன் ஒட்டிவரும் பழம்பொருளைப் பிரித்தறிவது தமிழாசிரியரின் கடமை.

வேறுபாடு எங்குள்ளது?

இரு சமயத்தாரும் வேறுபடும் இடம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் சிலுவையைச் சுட்டுவர். ஈசா (அலை) கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை. இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது திருக்குர்ஆனின் தீர்ப்பு. இது வெளிப்படையான வேறுபாடு. ஆயின் இதற்கும் அடியில் ஒரு வேறுபாடு உண்டு என்று கருதுகின்றேன்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருந்திட வேண்டும் என்றவர் வள்ளுவர். மனிதனைப் பற்றிய நோய் எது? ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பே சிதைந்தது. தன் முயற்சியால் அவன் எழ இயலாது என்பது கிறித்தவத்தின் கணிப்பு. ஆதம் (அலை) பிழை செய்தார், பாவமன்னிப்பு வேண்டினார், இறைவன் மன்னித்தான். அப்பிழை வழித்தோன்றல்களின் மேல் சுமத்தப்படவில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது இஸ்லாத்தின் கணிப்பு. மனிதன் மறதியுடையவன், வழிதவறக் கூடியவன். அவனுக்கு வேண்டுவது நேர்வழியும் நினைவூட்டலும் இறையருளும். ஆகவே இறைத்தூதர் வழிகாட்டியாக வருகின்றார். கிறித்தவத்தில் மனிதன் கட்டுண்டவன். ஆகவே மெசியா மீட்பராக வருகின்றார். நோய் வேறாகக் கணிக்கப்படும்போது மருந்தும் வேறாதல் இயல்பே. உயிர்த்தெழுதல் கிறித்தவர்க்கு அம்மருந்து பலித்தமைக்குச் சான்று. எனவேதான் துயரநாளாகிய புனித வெள்ளியையும் உயிர்ப்பு ஞாயிற்றையும் அவர்கள் தம் ஆண்டின் நடுநாயகமாகக் கொள்கின்றனர்.

இவ்விடத்தில் வேறுபாட்டைக் கண்டுகொண்ட மாணவன் இரு காப்பியங்களையும் புதிய கண்ணோடு படிப்பான். சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்கள் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து எனப் பிறப்பும் தூதும் இடப்பெயர்வுமாக அமைந்திருப்பது ஏன் என்பதும், அங்கே நடுவில் நிற்பது இறைச்செய்தி என்பதும் அவனுக்கு அப்போதுதான் தெளிவுறும். இரட்சணிய யாத்திரிகத்தின் நடுவில் நிற்பது மீட்பரின் செயல். பிறர் நம்பிக்கையை அறிதல் தன் நம்பிக்கையின் வடிவத்தையும் காட்டுகின்றது.

ஓர் ஐயமும் விடையும்

"இளம் உள்ளங்களுக்குப் பிற சமயக் கொள்கைகளை இவ்வளவு விரிவாகக் கற்பித்தால் அவர்தம் ஈமான் தளராதா?" என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கது. எனினும் நம் வரலாறு வேறொரு பாடத்தையே புகட்டுகின்றது.

ஹிஜ்ரத்திற்கு முன்னர், ஏறத்தாழ கி.பி. 615-இல், குறைஷியரின் கொடுமைக்கு ஆற்றாது முஸ்லிம்கள் சிலர் அபிசீனியா சென்றனர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு தூது வந்தவர்கள், ஈசாவைப் பற்றி இவர்கள் கூறுவதைக் கேளுங்கள் என்று கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியைத் தூண்டினர். உயிரே பணயமாயிருந்த அந்நேரத்தில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) மழுப்பவில்லை. மன்னரை மகிழ்விக்க மிகைப்படுத்தவும் இல்லை. தம் நம்பிக்கையை உள்ளவாறு கூறினார். மர்யம் அத்தியாயத்தினின்று ஓதிக்காட்டவும் செய்தார். மன்னர் கேட்டார், அடைக்கலம் தந்தார். நஜ்ரானிலிருந்து வந்த கிறித்தவத் தூதுக்குழுவினரோடு மதீனாவில் பெருமானார் (ஸல்) உரையாடிய செய்தியும், அவர்கள் பள்ளிவாசலில் தம் முறைப்படி வழிபட இசைவளிக்கப்பட்ட செய்தியும் நம் வரலாற்று நூல்களில் உள்ளன. கொள்கையில் அங்கு இணக்கம் ஏற்படவில்லை. மதிப்பு குன்றவும் இல்லை.

ஏறத்தாழ 1030-இல் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் கூறுமாறே எடுத்துரைத்தார். மறுப்பு நூலாக அதனை அமைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷஹ்ரஸ்தானி சமயங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் கிறித்தவத்தின் மல்கானிய, நெஸ்தூரிய, யாக்கோபியப் பிரிவுகளைத் தனித்தனியே விளக்கினார். இவர்களின் ஈமான் தளர்ந்ததாக எவரும் கூறவில்லை. தமிழ் மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மணிமேகலையில் 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை' என ஒரு காதையே அமைந்துள்ளது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கின்றாள். கேட்டபின்னரே அவள் தன் வழியைத் தெளிகின்றாள்.

இக்கடமை ஒருவழிப்பட்டதன்று. சீறாப்புராணம் கற்பிக்கும் கிறித்தவப் பேராசிரியர், நபித்துவம் என்பதனை அவதாரத்தோடோ தெய்வத்தன்மையோடோ குழப்பாமல் விளக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். அவர் அவ்வாறு குழப்பினால் வருந்துகின்றோம். நாம் பிறரிடம் எதிர்பார்ப்பதனை நாமும் செய்தல்தானே நீதி? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை, எனினும் இறைவாக்கினராக மதிக்கின்றனர், அவர் அன்னையையும் போற்றுகின்றனர் என்று உள்ளவாறே குறித்தது. நம்மைப் பற்றி அவர்கள் அவ்வாறு எழுதியிருக்கும்போது, அவர்களைப் பற்றி நாம் மேடைப்பேச்சின் செவிவழிச் செய்திகளால் நிறைவடைதல் தகுமா?

செய்யத்தக்கன

ஆசிரியர்கள், கிறித்தவ இலக்கியப் பகுதியைத் தொடங்கும் முன் மெசியா, மீட்பு, பாடுகள், உயிர்ப்பு, இறையாட்சி ஆகிய சொற்களின் கொள்கைப் பொருளை ஒரு வகுப்பு நேரமேனும் ஒதுக்கி விளக்குதல் நலம். அருகிலுள்ள கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துத் தேம்பாவணியை அவர் வாயால் கேட்கலாம்; அவர்தம் கல்லூரிக்கு நாம் சென்று சீறாப்புராணத்தை விளக்கலாம். வினாத்தாள்களில் பாடல் எண்ணிக்கைக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியைப் பொருளுணர்வுக்குத் தரலாம். மாணவர்கள், 1981-இல் மறைந்த கண்ணதாசன் தம் இறுதிக்காலத்தில் பாடிய இயேசு காவியத்தைத் தேம்பாவணியோடு ஒப்பிட்டு, கிறித்தவரல்லாத ஒருவர் மெசியாவின் வாழ்வினை எவ்வாறு கண்டார் என்று ஆராயலாம். சமுதாயப் பெரியோர், இத்தகைய முயற்சிகளை ஐயக்கண்ணோடு நோக்காமல் ஆதரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் மாணவர் பலருக்குக் கிறித்தவ நண்பர்கள் உளர். ஒரே பேருந்தில் வருகின்றனர். ஒரே நூலகத்தில் படிக்கின்றனர். பெருநாள் பிரியாணியும் கிறிஸ்துமசுப் பலகாரமும் அவர்களிடையே இடம்மாறுகின்றன. ஆனால் அந்நண்பன் தவக்காலத்தில் எதற்காகப் புலால் உண்பதில்லை, எதற்காகப் புனித வெள்ளியன்று அவன் அன்னை கண்கலங்குகின்றார் என்பதை ஒருவரும் கேட்டறிவதில்லை. கேட்டறிந்தால் நட்பு ஆழம் பெறும். "நீ நம்புவது இன்னது என்று அறிவேன், நான் நம்புவது இது, இவ்விடத்தில் நாம் வேறுபடுகின்றோம்" என்று இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் நிலை உண்டாகும். அந்நிலையை அடைந்த நண்பர்களை மேடையில் எழும் கூச்சல் எளிதில் பிரித்துவிடாது.

தமிழ்த்துறை என்பது மதிப்பெண்ணுக்கு மட்டும் நூல்களைப் படிக்கும் இடமன்று. மனிதர் எதனை நம்பி வாழ்ந்தனர், எதனை நம்பிப் பாடினர் என்பதனைக் கற்கும் இடம். அவ்வகையில் மெசியாவைப் பற்றிய கிறித்தவர் நம்பிக்கையை நம் மாணவர் உள்ளவாறு அறிந்து, உறுதியோடும் பண்போடும் மாறுபடக் கற்பாராக. எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.